எண்பதுகளின் பாப், ராக் பாட்டு க்விஸ்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் தயாராவது எப்படி

ஷெஃபீல்டுக்கு நர்ஸ் வேலைக்கு வந்த மூன்றாவது மாதம், வார்டில் உடன் வேலை பார்ப்பவர்கள் ஒரு வியாழக்கிழமை பப் க்விஸுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பொது அறிவுக் கேள்விகள்தானே, நாலுக்காவது பதில் சொல்லிவிடலாம் என்று நம்பிப் போனேன். போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அன்றைக்கு முழுக்க எண்பதுகளின் பாட்டு. ஸ்பீக்கரில் ஒரு பாட்டின் தொடக்கம் பத்துப் பதினைந்து விநாடி ஓடும், நின்றுவிடும். பாடியவர் பெயருக்கு ஒரு மதிப்பெண், பாட்டின் பெயருக்கு ஒன்று. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இரண்டாவது விநாடியிலேயே பேனாவை எடுக்கிறார்கள். எனக்கு மைக்கேல் ஜாக்சன் குரல் மட்டும்தான் அடையாளம் தெரியும், அந்தக் குரல் வருவதற்குள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

வீடு திரும்பும்போது மனது கஷ்டமாக இருந்தது. இங்கே வேலையிடத்துப் பழக்கம் நட்பாக மாறுவது பெரும்பாலும் இந்த மாதிரி மேசைகளில்தான், அங்கே போய் வாய் மூடி உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் எட்டு மாதம் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன், நிறைய நேரத்தை வீணடித்தும்தான். முழுப் பாட்டுகளாக மணிக்கணக்கில் கேட்டதுதான் நான் செய்த பெரிய தவறு. இந்த க்விஸுக்கு வேண்டியது முதல் பத்து விநாடியும், பிசகில்லாத பெயரும், ஓரளவு ஆண்டும். எட்டு மாதத்தில் நான் கற்றதை நீங்கள் எட்டு வாரத்தில் முடித்துவிடலாம்.

1. முதலில் எந்த மாதிரி இரவு என்று விசாரியுங்கள்

பப்புக்கு ஒரு போன் போட்டு, அல்லது நேரில் போய், நாலு விஷயம் கேளுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? வார நடுவிலும் ஞாயிறு இரவிலும்தான் க்விஸ் அதிகம், மாலை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் தொடங்கும், முடியப் பத்தரை ஆகும். ஒரு அணியில் எத்தனை பேர்? ஆறு பேர் என்று வரம்பு வைத்திருக்கும் இடங்கள் நிறைய. மேசை முன்பதிவு வேண்டுமா? கடைசியாக, அன்றைக்குப் பாட்டு ஒரு சுற்று மட்டுமா, இல்லை முழு இரவும் பாட்டா?

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நான் கேட்காமல் விட்டேன். வழக்கமான க்விஸில் பாட்டுச் சுற்று ஒன்றுதான் வரும், அதிலும் எல்லாக் காலத்துப் பாட்டும் கலந்திருக்கும். எண்பதுகள் மட்டும் என்று தனியாக நடத்தும் இரவு மாதத்துக்கு ஒரு முறை வந்தாலே அதிகம். அதன் தேதியைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து எட்டு வாரம் பின்னோக்கி எண்ணி, தயாரிப்பைத் தொடங்குங்கள்.

ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் கடைசிப் பேருந்து நேரத்தையும் அன்றே பார்த்துவிடுங்கள். முடிவு அறிவிக்கும் நேரத்தில் எழுந்து ஓட வேண்டியிருந்தால் வருத்தமாக இருக்கும்.

2. அடையாள ஆவணம்

க்விஸில் கலந்துகொள்ள ஆவணம் எதுவும் தேவையில்லை. ஆனால் மதுபானம் வாங்கப் போனால், 25 வயதுக்குக் குறைவாகத் தெரிகிற யாரையும் வயதுச் சான்று கேட்பது இங்கே பெரும்பாலான பப்களின் வழக்கம், அதற்குப் பெயர் 'சேலஞ்ச் 25'. சட்டப்படி வயது 18 ஆகியிருந்தால் போதும், ஆனால் நம்மவர்கள் பலர் முப்பதிலும் இளமையாகத் தெரிவதால் கேட்டுவிடுவார்கள்.

பாஸ்போர்ட், இந்த நாட்டின் படமுள்ள ஓட்டுநர் உரிமம், 'பாஸ்' முத்திரையுள்ள வயதுச் சான்று அட்டை, இவை செல்லும். கைப்பேசியில் ஈவிசாவைத் (இணையத்தில் இருக்கும் விசாப் பதிவு) திறந்து காட்டுவது இதற்கு உதவாது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஓட்டுநர் உரிமத்தையும் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டை இரவில் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள், தொலைந்தால் அலைச்சல் எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது. கற்பவர்களுக்கான 'ப்ரொவிஷனல்' ஓட்டுநர் உரிமம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண்டு, தபாலில் 43. இங்கே ஒரு எச்சரிக்கை: தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் மேலே வரும், அதே வேலைக்குக் கூடுதலாகக் காசு வாங்கும். முகவரியில் ஜிஓவி டாட் யுகே என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மது குடிக்காதவர்கள் தயங்கவே வேண்டாம். ஆரஞ்சு ஜூஸோ லெமனேடோ வாங்கி வைத்துக்கொண்டு இரவு முழுக்க உட்காரலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் மட்டும் முன்பே கேளுங்கள். இத்தனை மணிக்கு மேல் பிள்ளைகள் இருக்கக்கூடாது என்று சில இடங்களில் விதி உண்டு.

3. செலவுக் கணக்கு

நுழைவுக் கட்டணம் தலைக்கு ஒன்று அல்லது இரண்டு பவுண்டு, சில இடங்களில் இலவசம். சில்லறையாகக் கொண்டுபோங்கள், அட்டை வாங்காத க்விஸ் மாஸ்டர்கள், அதாவது க்விஸை நடத்துபவர்கள், இன்னும் இருக்கிறார்கள். உண்மையான செலவு குடிபானத்தில்தான். இங்கே 'ரவுண்ட்' என்று ஒரு பழக்கம் உண்டு, ஒவ்வொருவராக முறை வைத்து மேசையில் உள்ள எல்லோருக்கும் வாங்குவார்கள். ஐந்து பேர் அணியில் உங்கள் முறை வந்தால் இருபது பவுண்டுக்கு மேல் போய்விடும். மற்றவர்கள் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டு நம் முறையைத் தட்டிக்கழிப்பதை இங்கே மிகவும் தப்பாக எடுத்துக்கொள்வார்கள், எனக்கு இது தெரியாமல் முதல் வாரம் சங்கடமாகிவிட்டது. "நான் ரவுண்டில் சேரவில்லை, எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அதில் தவறே இல்லை.

தயாரிப்புக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. பாட்டுச் செயலியின் இலவசக் கணக்கு போதும், விளம்பரம் வரும், அவ்வளவுதான். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: பிபிசியின் பழைய 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சிகளை அவர்களுடைய இணையச் செயலியான ஐபிளேயரில் பார்க்கச் சொல்லிப் பலரும் யோசனை தருவார்கள். ஐபிளேயரில் பார்க்க டிவி லைசென்ஸ் கட்டாயம். வீட்டில் டிவி இல்லை, கைப்பேசியில்தான் பார்க்கிறேன் என்றாலும் கட்டாயம்தான். ஆண்டுக்கு 170 பவுண்டுக்கு மேல் ஆகும், இல்லாமல் பார்த்து வழக்கு வந்தால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். வானொலிக்கு லைசென்ஸ் வேண்டாம். அதனால் காதால் மட்டும் படியுங்கள், க்விஸிலும் காதுக்குத்தான் வேலை.

4. உங்கள் பட்டியலை உருவாக்குங்கள்: 120 பாட்டு

இணையத்தில் 'எண்பதுகளின் ஹிட்' என்று தேடினால் ஐநூறு, ஆயிரம் என்று பட்டியல் கிடைக்கும். அதில் இறங்காதீர்கள், நான் இறங்கி மூன்று மாதம் தொலைத்தேன். வாரத்துக்கு 15 பாட்டு, எட்டு வாரம், மொத்தம் 120, அது போதும்.

எங்கிருந்து எடுப்பது? 'நவ் தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்' என்று ஒரு தொகுப்பு வரிசை இருக்கிறது. முதல் தொகுப்பு 1983 நவம்பரில் வந்தது, 1989 முடியும்போது பதினாறாவது தொகுப்பு வந்திருந்தது. அந்தந்தக் காலத்தில் பிரிட்டனில் ஓடிய பாட்டுதான் அதில் இருக்கும், க்விஸ் மாஸ்டர்களில் பலர் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். பதினாறு தொகுப்பின் பாட்டு வரிசையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து பாட்டு எடுத்தால் 80 ஆகிவிடும். ஆனால் இதில் 1980, 81, 82 ஆண்டுகள் வராது, அந்த மூன்று ஆண்டும் ஹிட்டுகளை அள்ளிக் கொடுத்த ஆண்டுகள். அதற்கு 'அஃபிஷியல் சார்ட்ஸ்' தளத்துக்குப் போங்கள், எந்த ஆண்டு, எந்த வாரம் என்று கொடுத்தால் அந்த வாரத்துச் சார்ட்டை, அதாவது அந்த வாரம் எந்தப் பாட்டு எத்தனையாவது இடம் என்ற வரிசையை, காட்டும், காசு கிடையாது. மீதி 40 பாட்டை அங்கிருந்து எடுங்கள்.

செயலியில் பட்டியல் போடும்போது மூன்று இடத்தில் சறுக்குவீர்கள்.

முதலாவது ஆண்டு. செயலி காட்டும் ஆண்டு பல சமயம் மறுபதிப்பின் ஆண்டு, 1984 பாட்டுக்கு 2011 என்று காட்டும். ஆண்டை எப்போதும் சார்ட் தளத்தில் சரிபாருங்கள். இரண்டாவது, எண்பதுகளின் பாடகர்கள் பலர் தங்கள் ஹிட்டைப் பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். பெயர் ஒன்றுதான், இன்ட்ரோ, அதாவது தொடக்க இசை, வேறு மாதிரி இருக்கும். 'ரீரெக்கார்டட்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். மூன்றாவது, ஆல்பத்தில் வரும் வடிவமும் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, வந்த வடிவமும் வேறாக இருக்கலாம். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'மணி ஃபார் நத்திங்' ஆல்பத்தில் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும், கிதார் வருவதற்கே வெகுநேரம் ஆகும். அதில் எம்டிவி என்ற பாட்டுத் தொலைக்காட்சி பற்றி மெலிதாக ஒரு குரல் பாடுவது ஸ்டிங், இதுவும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி.

5. பத்து விநாடிப் பயிற்சி

நம்மில் பலருக்கு இளையராஜா பாட்டின் ப்ரெலூட் தொடங்கியதுமே பல்லவி வாய்க்கு வந்துவிடும், எஸ்பிபி வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே காதுதான் இங்கேயும் வேண்டும், ஆகவே நீங்கள் நினைப்பதைவிட இது சீக்கிரம் கைகூடும்.

தினம் இருபது நிமிடம். பட்டியலைக் கலைத்துப் போடுங்கள், கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள், பத்து விநாடி கேட்டு நிறுத்துங்கள், நோட்டில் பாடியவர், பாட்டு, ஆண்டு என மூன்று கட்டத்தில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகுங்கள், அன்றிரவு விடைத்தாளில் அப்படித்தான் எழுத வேண்டும். எழுத்துப்பிழைக்குப் பொதுவாக மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஆனால் தாளை மாற்றிக்கொண்டு பக்கத்து மேசைக்காரர் திருத்தும்போது அவருக்குப் புரிய வேண்டும்.

எந்தக் கருவி முதலில் வருகிறது என்று கவனிப்பதுதான் முதல் படி. வெறும் டிரம்ஸ், அதன் மேல் பேஸ் கிதார் நடந்து வந்தால் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்'. எக்காளம் போல கீபோர்டு முழங்கினால் ஸ்வீடன் குழு யூரோப்பின் 'த ஃபைனல் கவுன்ட்டவுன்', 1986. தடுக்கித் தடுக்கி அடிக்கும் மின்னணு டிரம் வந்தால் நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே', 1983. இந்தப் பாட்டில் தலைப்பு எங்கேயும் பாடப்படுவதில்லை, அதனால் எத்தனை முறை கேட்டாலும் பெயர் தானாக வராது, தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியது இது. வான் ஹேலனின் 'ஜம்ப்' 1984, முதல் விநாடியிலேயே சின்த், அதாவது மின்னணு கீபோர்டு. அதே ஆண்டில் பாயின்டர் சிஸ்டர்ஸ் பாடிய 'ஜம்ப்' வேறு பாட்டு, அதற்கு அடைப்புக்குறியில் 'ஃபார் மை லவ்' என்று ஒரு வாலும் உண்டு.

சாக்ஸஃபோன் கேட்டதும் ஜார்ஜ் மைக்கேலின் 'கேர்லெஸ் விஸ்பர்' என்று எழுதிவிடாதீர்கள். ஜெர்ரி ராஃபர்ட்டியின் 'பேக்கர் ஸ்ட்ரீட்'டும் சாக்ஸஃபோன்தான், ஆனால் அது 1978. எண்பதுகளின் இரவில் அது வரவே வராது என்று சொல்ல முடியாது, "இதில் எண்பதுகளைச் சேராத பாட்டு எது?" என்று கேட்பதற்காகவே போடுவார்கள். இன்னொன்று, க்வீனும் டேவிட் பௌவியும் சேர்ந்து பாடிய 'அண்டர் பிரஷர்', 1981. அதன் பேஸ் கிதார் வரியை எடுத்துத்தான் வனிலா ஐஸ் 'ஐஸ் ஐஸ் பேபி' செய்தார், அது 1990. இரண்டையும் அடுத்தடுத்து இருபது முறை கேளுங்கள், வித்தியாசம் ஒரு சின்னச் சுரத்தில் இருக்கிறது, காது பிடித்துக்கொண்டால் அப்புறம் மறக்காது.

6. பெயரில் போகும் மதிப்பெண்கள்

பாட்டு தெரிந்தும் மதிப்பெண் போவது இங்கேதான். எங்கள் அணி மிக அதிகமாக இழந்ததும் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'த பவர் ஆஃப் லவ்' என்று மூன்று வெவ்வேறு ஹிட் உண்டு. 1984இல் ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட், 1985இல் ஜெனிஃபர் ரஷ், அதே 1985இல் 'பேக் டு த ஃபியூச்சர்' படத்துக்காக ஹியூயி லூயிஸ் அண்ட் த நியூஸ். தலைப்பைச் சொல்லி யார் பாடியது என்று கேட்டால் ஆண்டையோ படத்தையோ சொல்கிறார்களா என்று காத்திருந்து கேளுங்கள்.

'கேர்லெஸ் விஸ்பர்' பிரிட்டனில் ஜார்ஜ் மைக்கேல் என்ற தனிப் பெயரில் வந்தது, அமெரிக்காவில் வாம் குழுவின் பெயரும் சேர்த்து வந்தது. பிரிட்டனின் பப்பில் ஜார்ஜ் மைக்கேல் என்றே எழுதுங்கள். 'வி பில்ட் திஸ் சிட்டி' பாடியது ஸ்டார்ஷிப், அதே குழுவின் பழைய பெயரான ஜெஃபர்ஸன் ஸ்டார்ஷிப் என்று எழுதினால் கறாரான ஆள் தவறு போட்டுவிடுவார். பிளாண்டி ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்திருந்தேன், அது குழுவின் பெயர், பாடுபவர் டெபி ஹாரி.

அப்புறம், எண்பதுகளில் ஹிட்டானது வேறு, எண்பதுகளில் பிறந்தது வேறு. சாஃப்ட் செல்லின் 'டெயின்ட்டட் லவ்' 1981இல் முதலிடம் பிடித்தது, ஆனால் அதை அறுபதுகளிலேயே குளோரியா ஜோன்ஸ் பாடியிருந்தார். யூபி 40 குழுவின் 'ரெட் ரெட் வைன்' நீல் டயமண்ட் எழுதிப் பாடிய பாட்டு. பென் ஈ. கிங்கின் 'ஸ்டாண்ட் பை மீ' 1961இல் வந்து, 1987இல் பிரிட்டனில் முதலிடத்துக்கு ஏறியது. "முதலில் பாடியது யார்?" என்ற சுற்று வந்தால் இந்தப் பாட்டுகள்தான் சுற்றிச் சுற்றி வரும். உங்கள் நோட்டில் நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, பழைய பாட்டின் மறுவடிவம் என்றால் மூலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

7. ஆண்டும் சார்ட்டும்

'எந்த ஆண்டு' என்று ஒரு சுற்று நிச்சயம் இருக்கும். 120 பாட்டின் ஆண்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆண்டுக்கு ஒரு ஆணி அடித்தாற்போல ஒரு பாட்டு போதும். கிறிஸ்துமஸ் வாரத்தில் முதலிடத்தில் எந்தப் பாட்டு என்பது பிரிட்டனில் ஆண்டுதோறும் பேசப்படும் விஷயம், அதையே ஆணியாக வைத்துக்கொண்டேன், அதுவே தனிக் கேள்வியாகவும் வரும்.

1980 செயின்ட் வினிஃப்ரெட்ஸ் பள்ளிப் பிள்ளைகள் பாட்டியைப் பற்றிப் பாடியது, 1981 ஹியூமன் லீக், 1982 ரெனே அண்ட் ரெனாட்டோ, 1983 ஃப்ளையிங் பிக்கெட்ஸ், 1984 பேண்ட் எய்ட் (நன்கொடைக்காகப் பல பாடகர்கள் சேர்ந்த குழு), 1985 ஷேக்கின் ஸ்டீவன்ஸ், 1986 ஜாக்கி வில்சனின் பழைய பாட்டு மறுபடி வந்தது, 1987 பெட் ஷாப் பாய்ஸ், 1988 கிளிஃப் ரிச்சர்ட், 1989 பேண்ட் எய்டின் இரண்டாவது வடிவம். இந்தப் பத்தை முதல் வாரமே மனப்பாடம் செய்துவிடுங்கள். வாமின் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' அந்தப் பத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள், 1984இல் பேண்ட் எய்டுக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில் நின்றது, முதலிடம் பிடித்தது 2021 ஜனவரியில்தான்.

இரண்டாம் இடத்தில் நின்ற பாட்டுகள் இங்கே தனிப் பிரியத்தோடு நினைவில் வைக்கப்படுகின்றன. அல்ட்ராவாக்ஸின் 'வியன்னா' 1981இல் இரண்டாம் இடத்தோடு நின்றது, அதை முதலிடத்துக்கு வரவிடாமல் வைத்திருந்தது ஜோ டோல்சேயின் 'ஷடப் யு ஃபேஸ்' என்ற வேடிக்கைப் பாட்டு. நாற்பது ஆண்டு கழித்தும் இதைச் சொல்லும்போது என் வார்டு சகாக்களுக்கு ஆற்றாமை வருகிறது.

முதலிடம் என்றால் எந்த நாட்டில் என்று கேளுங்கள். நார்வே குழு ஆ-ஹாவின் 'டேக் ஆன் மீ' 1985இல் அமெரிக்காவில் முதலிடம், பிரிட்டனில் இரண்டுதான். பிரிட்டனில் அவர்கள் முதலிடம் பிடித்தது 1986 ஜனவரியில், 'த சன் ஆல்வேஸ் ஷைன்ஸ் ஆன் டிவி' பாட்டில். யூரித்மிக்ஸின் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' கதையும் அப்படியே, அமெரிக்காவில் ஒன்று, இங்கே இரண்டு.

எம்டிவி 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியபோது முதலில் காட்டிய பாட்டு பகிள்ஸின் 'வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்'. ஆனால் அந்தப் பாட்டு 1979இல் வந்தது, ஆண்டுச் சுற்றில் இதை வைத்து நிறைய பேரை மடக்குவார்கள். லைவ் எய்ட் என்ற நன்கொடை இசை நிகழ்ச்சி நடந்தது 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்லியிலும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும். வெம்ப்லியில் பாட்டைத் தொடங்கிவைத்தவர்கள் ஸ்டேட்டஸ் க்வோ, இரண்டு ஊரிலும் ஒரே நாளில் மேடையேறியவர் ஃபில் காலின்ஸ், கான்கார்ட் என்ற அதிவேக விமானத்தில் பறந்து போனார்.

8. நீங்கள் இருக்கும் ஊரின் குழுக்களைப் படியுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. க்விஸ் மாஸ்டர் உள்ளூர்க்காரர், உள்ளூர்ப் பெருமை கேள்வித்தாளில் ஏறாமல் இருக்காது. ஷெஃபீல்டில் ஹியூமன் லீக் இல்லாத பாட்டு இரவை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தக் குழுவிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய ஹெவன் 17, 'த லுக் ஆஃப் லவ்' பாடிய ஏபிசி, கார் விபத்தில் இடது கையை இழந்த பின்னும் ரிக் ஆலன் டிரம்ஸ் வாசித்துத் திரும்பி வந்த டெஃப் லெப்பர்ட், 'அப் வேர் வி பிலாங்' பாடிய ஜோ காக்கர், எல்லாம் இந்த ஊர்தான். டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' ஆல்பத்தின் ஆண்டு 1987 என்று எழுதி நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு மேசையே கை தட்டியது.

லிவர்பூலில் இருந்தால் ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட், எக்கோ அண்ட் த பன்னிமென். மான்செஸ்டரில் நியூ ஆர்டர், த ஸ்மித்ஸ். பர்மிங்காமில் டியூரான் டியூரான், யூபி 40. கவன்ட்ரியில் த ஸ்பெஷல்ஸ், அவர்களுடைய 'கோஸ்ட் டவுன்' 1981இல் முதலிடம். கிளாஸ்கோவில் சிம்பிள் மைண்ட்ஸ், லீட்ஸில் சாஃப்ட் செல். லண்டனுக்குக் கிழக்கே பேசில்டன் பக்கம் என்றால் டெபெஷ் மோட். உங்கள் ஊருக்கு ஒரு மாலை ஒதுக்கினால் நாலைந்து மதிப்பெண் உறுதி.

இந்தியாவிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் உங்களையே பார்த்துக் கேட்கும் கேள்வியும் ஒன்று உண்டு: க்வீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி எங்கே படித்தார்? பிறந்தது சான்சிபாரில், படித்தது மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில். கிளிஃப் ரிச்சர்ட் பிறந்தது லக்னோவில். எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் நம் சென்னையில் பிறந்தவர், ஆனால் அவருடைய பெரிய ஹிட்கள் அறுபதுகளில்.

9. உங்களை நீங்களே சோதிப்பது

நான்காவது வாரம் முடிந்ததும் முதல் சோதனை. 60 பாட்டிலிருந்து 20ஐக் கலைத்துப் போட்டு, நிறுத்தாமல் ஒரே மூச்சில் எழுதுங்கள், பாட்டுக்கு இரண்டு மதிப்பெண், மொத்தம் 40. எனக்கு முதல் தடவை 17 வந்தது. 25 தாண்டினால் அணியில் நீங்கள் சுமையாக இருக்க மாட்டீர்கள். தவறியவற்றை அடுத்த வாரப் பட்டியலில் சேருங்கள், புதிய பாட்டை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். 15க்கு மேல் சேர்த்தால் எதுவும் நிற்காது.

வெளியாள் கேள்விக்குப் பழக, 'பாப்மாஸ்டர்' என்ற வானொலிப் பாட்டு க்விஸைக் கேளுங்கள். கென் புரூஸ் பல ஆண்டு பிபிசி ரேடியோ 2இல் நடத்தி, 2023இல் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ரேடியோவுக்குக் கொண்டுபோன நிகழ்ச்சி. வார நாட்களில் காலை பத்தரை மணிக்கு வரும், இலவசம். பத்துக் கேள்வி, முழு மதிப்பெண் 39. எல்லாக் காலத்துப் பாட்டும் கலந்து வருவதால் மதிப்பெண் குறைவாக வந்தால் மனம் தளர வேண்டாம், எண்பதுகளின் கேள்விகளை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டு வாரத்துக்கு வாரம் ஒப்பிடுங்கள்.

வீட்டில் நண்பர்களை வைத்து ஒத்திகை பார்ப்பதும் நல்ல பயிற்சி, அதற்கு அனுமதி எதுவும் வேண்டாம். தமிழ்ச் சங்க நிகழ்ச்சி மாதிரி மண்டபம் எடுத்து நடத்தினால், அந்த இடத்துக்கு 'த மியூசிக் லைசென்ஸ்' இருக்கிறதா என்று வாடகை பேசும்போதே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொது இடத்தில் பதிவு செய்த பாட்டைப் போட அது தேவை.

10. அன்றிரவு

அரை மணி நேரம் முன்னால் போய் ஸ்பீக்கருக்குப் பக்கத்து மேசையைப் பிடியுங்கள். பத்து விநாடி இன்ட்ரோவில் பாதியைச் சமையலறைச் சத்தம் விழுங்கிவிடும் மூலையில் உட்கார்ந்து நாங்கள் ஒரு முறை ஆறு மதிப்பெண் இழந்தோம்.

கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள், மேசை மேல் வைக்கவே வேண்டாம். வீட்டிலிருந்து வந்த செய்தியைப் பார்த்தாலும் பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலியைத் திறந்ததாகச் சந்தேகப்படுவார்கள், அணியையே நீக்கிவிடும் இடங்கள் உண்டு. வேலை காரணமாக அழைப்பு வரலாம் என்றால் க்விஸ் மாஸ்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

'ஜோக்கர்' இருக்கிறதா என்று கேளுங்கள். ஏதாவது ஒரு சுற்றுக்கு அதை வைத்தால் அந்தச் சுற்றின் மதிப்பெண் இரட்டிப்பாகும், பெரும்பாலும் சுற்று தொடங்கும் முன்பே அறிவிக்க வேண்டும். நீங்கள் இன்ட்ரோவுக்குத் தயாராகி வந்திருந்தால் அதை அங்கே வைக்கச் சொல்லி அணியிடம் தைரியமாகக் கேளுங்கள். தெரியாத கேள்விக்கும் ஏதாவது எழுதுங்கள், தவறுக்கு மதிப்பெண் கழிப்பது மிக அரிது.

உங்களுக்குத் தோன்றும் பதிலை மெதுவாகச் சொல்லுங்கள், பக்கத்து மேசைக்குக் கேட்கக்கூடாது, ஆனால் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். "எனக்கு இந்தப் பாட்டெல்லாம் எங்கே தெரியப்போகிறது" என்று நானே நினைத்து, மனதில் வந்த சரியான பதிலை விழுங்கியது மூன்று தடவை. மூன்றும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சமநிலை வந்தால் கடைசியில் ஒரு எண் கேட்பார்கள், யார் நெருக்கமாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்டின் 'டூ ட்ரைப்ஸ்' எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தது என்பது மாதிரி. ஒன்பது வாரம், 1984.

எல்லா விடைகளையும் வாசித்து முடித்து, தாள் உங்கள் கைக்குத் திரும்பி வந்ததும், இப்போது கைப்பேசியை எடுக்கலாம். தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறவிட்ட பாட்டுகளை அன்றே, பேருந்திலேயே, அடுத்த வாரப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஒரே க்விஸ் மாஸ்டர் தன் பாட்டுகளைத் திரும்பப் போடுவது மூன்று நான்கு மாதத்துக்குள் நடக்கும்.